ரமண நகரில் குடியேறும் குழந்தை

புலம்பெயர்தல் என்ற சொல் தொண்ணூறுகளில் நம் சிறுபத்திரிகைகளில் புழக்கத்துக்கு வந்தபோது அதற்கு ஒரே திசைதான் இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து பாரிசுக்கு, ஒஸ்லோவுக்கு, டொரொன்டோவுக்கு. இந்தப் பெயர்வைப் பற்றி நிறையவே பேசியிருக்கிறோம், பேசவேண்டியதுதான். ஆனால் திருவண்ணாமலையில், ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள தெருக்களில், எதிர்த்திசைப் பெயர்வு ஒன்று எண்பது ஆண்டுகளுக்கு மேலாக நடந்துகொண்டிருக்கிறது. ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் கைக்குழந்தையோடு வந்து இறங்கி, வீடு பிடித்து, பால் கார்டு போட்டு, குழந்தைக்குப் பள்ளிக்கூடம் தேடுகிற குடும்பங்கள். இவர்களைப் 'புலம்பெயர்ந்தோர்' என்று யாரும் எழுதி நான் படித்ததில்லை. ஊரில் வழங்கும் சொல் 'ஃபாரினர்'. மரியாதை கொஞ்சம் கூடினால் 'பக்தர்'. இந்தச் சொற்கள் எப்படிக் கிடைக்கின்றன, யாருக்குக் கிடைக்காமல் போகின்றன என்பதுதான் என்னுடைய கேள்வி. அதைப் பெரியவர்களை வைத்துக் கேட்பதைவிடக் குழந்தையை வைத்துக் கேட்டால் தெளிவாகப் பதில் கிடைக்கிறது என்று எனக்குப் படுகிறது.

ரமணரே இந்த ஊருக்கு வந்து சேர்ந்தவர்தான். 1896 செப்டம்பர் 1ஆம் தேதி, பதினாறு வயதில், மதுரையிலிருந்து வீட்டுக்குச் சொல்லாமல் வந்தவர். பின்னால் 1916இல் தாய் அழகம்மாள் பிள்ளையோடு இருக்க வந்துவிட்டார், தம்பியும் வந்தார். 1922இல் தாய் இறந்தபோது மலையடிவாரத்தில் அடக்கம் செய்த இடத்தைச் சுற்றித்தான் இன்றைய ஆசிரமம் எழுந்தது. குடும்பத்தை விட்டு வந்தவரின் ஆசிரமம் குடும்பத்தின் சமாதிமேல் நிற்கிறது. இதை நான் முரண்பாடாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

அங்கே வந்த முதல் வெள்ளைக்காரர்கள் எல்லோரும் தனியாட்கள். வேலூரில் போலீஸ் அதிகாரியாக இருந்த ஹம்ப்ரீஸ் 1911இல் வந்தார். 1934இல் பால் பிரன்டனின் புத்தகம் வெளிவந்த பிறகு வரவு கூடியது. மேஜர் சாட்விக் 1935இல் வந்து 1962இல் இறக்கும்வரை இங்கேயே இருந்தார். இராக்கிய யூதரான எஸ். எஸ். கோஹன் 1936இல் வந்தார். தனியாளுக்கு ஓர் அறை போதும், ஒரு பாய் போதும், பந்தியில் ஓர் இலை போதும். அந்தப் பந்தியிலும் ஒரு கணக்கு இருந்தது. பிராமணர் ஒரு பக்கம், மற்றவர் ஒரு பக்கம், நடுவே தடுப்பு. வெள்ளைக்காரர் 'மற்றவர்' பக்கம். ஜில்லாவை ஆண்ட இனத்துக்கு இலை போடும்போது மட்டும் சாதி ஓர் இடத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறது!

பெண்களுக்கு வேறொரு விதி. இரவில் ஆசிரமத்துக்குள் பெண்கள் தங்கக் கூடாது. இருட்டுவதற்குள் வெளியேறிவிட வேண்டும். துறவின் ஒழுங்கு என்று இதை விளக்குவார்கள். விளைவு என்னவென்றால், குடும்பத்தோடு வருகிறவர்கள் ஆசிரமத்துக்கு வெளியேதான் வீடு பார்க்க வேண்டியிருந்தது. இன்று ரமண நகர் என்று சொல்கிற குடியிருப்பு உருவானதற்கு ஞானத்தேட்டம் எவ்வளவு காரணமோ அவ்வளவு இந்த விதியும் காரணம் என்று நினைக்கிறேன். துறவுக்கு வெளியே தள்ளப்பட்ட பெண்ணும் குழந்தையும் சேர்ந்துதான் இந்தத் தெருக்களை ஊராக்கியிருக்கிறார்கள்.

அப்படி வந்தவர்களில் நன்றாகப் பதிவாகியிருப்பது ஆஸ்பர்ன் குடும்பம். ஆர்தர் ஆஸ்பர்ன் 1906இல் லண்டனில் பிறந்தவர், ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர். மனைவி லூசியா போலந்துக்காரர். ஆர்தர் பாங்காக்கில் சூலலாங்கோர்ன் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்தார். ரெனே கெனோனின் நூல்கள் வழியாகக் கீழைத்தேய ஆன்மீகத்துக்குத் திரும்பிய குழுவைச் சேர்ந்தவர்கள் இவர்கள். 1941இல் விடுமுறையில் குடும்பத்தோடு இந்தியா வந்தார். மனைவியையும் மூன்று குழந்தைகளையும் திருவண்ணாமலையில் குடியேற விட்டுவிட்டு வேலைக்காகப் பாங்காக் திரும்பினார். அந்த டிசம்பரில் ஜப்பானியர் உள்ளே வந்துவிட்டார்கள். போர் முடியும்வரை அவர் சிறைமுகாமில். 1945இல்தான் குடும்பத்தைப் பார்க்க முடிந்தது.

இந்த நான்கு வருஷத்தை வைத்துத்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. கணவன் உயிரோடு இருக்கிறானா என்று தெரியாது. பிறந்த தேசம் நாஜிகளிடம். மொழி தெரியாத ஊர், வெயில் கொளுத்துகிற ஊர். மூன்று சின்னப் பிள்ளைகள். இப்போதைய சொல்லில் சொன்னால் லூசியா ஓர் அகதி. ஆனால் எந்தக் குறிப்பிலும் அவர் அப்படிக் குறிப்பிடப்பட்டு நான் பார்த்ததில்லை. பக்தை, சாதகி, பின்னாளில் பத்திரிகை ஆசிரியர். அப்பா பத்திரமாக வரவேண்டும் என்று பிள்ளை ரமணரிடம் கேட்டதும் அவர் தலையசைத்ததும் குடும்பத்தார் வழியாகவே எழுத்தில் வந்திருக்கிறது. பக்தர்கள் இதை அருளின் கதையாகப் படிக்கிறார்கள். நான் அதற்குள் போகவில்லை. எனக்கு அதில் கேட்பது போரில் அப்பனைத் தொலைத்த ஒரு குழந்தையின் குரல். பெரியவர்கள் அந்த ஹாலில் 'நான் யார்' என்று உட்கார்ந்திருக்கும்போது குழந்தை 'அப்பா எங்கே' என்று கேட்டிருக்கிறது.

இதே காலத்தில் இதே இந்தியாவில் வேறு போலிஷ் தாய்களும் குழந்தைகளும் இருந்தார்கள். சோவியத் நாடுகடத்தலிலிருந்து தப்பி ஈரான் வழியாக வந்தவர்கள். ஜாம்நகர் பக்கம் பாலாசடியில் 1942 முதல் குழந்தைகள் முகாம். கோலாப்பூர் பக்கம் வலிவடேயில் 1943 முதல் 1948 வரை சுமார் 5,000 பேர் இருந்த முகாம். அவர்கள் அகதிகள். லூசியா அகதி இல்லை. ஒரே தேசம், ஒரே போர், ஒரே மாதிரி கையில் குழந்தை. என்ன வித்தியாசம்? லூசியா ஆங்கிலேயரின் மனைவி, அதனால் பிரிட்டிஷ் பிரஜை. பிரிட்டிஷ் இந்தியாவில் பிரிட்டிஷ் பிரஜைக்கு அந்நியம் கிடையாது. அவர் 'வெளிநாட்டுக்கு' வரவில்லை, தன் சாம்ராஜ்ஜியத்தின் ஒரு மூலைக்கு வந்திருக்கிறார். பக்தை என்ற சொல் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. அவருடைய பக்தி உண்மையாகத்தான் இருந்திருக்கும். அந்தச் சொல்லுக்கு இடம் கிடைப்பதற்கு முன்னால் காகிதப் பிரச்சினை தீர்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

குடியேறுவது என்றால் பிழைப்பும்தானே. ஆர்தர் திரும்பிய பிறகு மலையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிட முடியவில்லை. சென்னையில் பத்திரிகை வேலை, பிறகு கல்கத்தாவில் பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் வேலை. 1958இல்தான் திருவண்ணாமலைக்கு நிரந்தரமாகத் திரும்ப முடிந்தது. 1964இல் 'தி மவுன்டன் பாத்' பத்திரிகையைத் தொடங்கினார். 1970இல் அவர் இறந்த பிறகு லூசியா ஆசிரியப் பொறுப்பேற்றார். பெற்றோருக்கு இந்த ஊர் வந்து சேர்ந்த இடம். பிள்ளைகளுக்கு? மகன் ஆடம் 1939இல் பாங்காக்கில் பிறந்தவர், இங்கே வளர்ந்து, கொடைக்கானல் கான்வென்ட்டில் படித்து, பதினொரு வயதுவாக்கில் இங்கிலாந்து போய், அங்கிருந்து அமெரிக்கா போனார். 1981இல் தூக்கிக்கொண்டு போகக்கூடிய கணினி ஒன்றைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். ஆஸ்பர்ன் 1. பதினொரு கிலோ எடை, ஐந்து அங்குலத் திரை, விலை 1,795 டாலர். மூடினால் பெட்டி மாதிரி இருக்கும். 1983இல் கம்பெனி திவாலானது. நோயுற்று 1992இல் இந்தியா திரும்பியவர் 2003 மார்ச்சில் கொடைக்கானலில் இறந்தார். ஞானிகளின் நிழலில் வளர்ந்த பிள்ளை கம்ப்யூட்டர் முதலாளி ஆனதை வினோதமாகப் பலர் சொல்வதுண்டு. எனக்கு அது வினோதமாகப் படவில்லை. பெற்றோர் வேரைத் தேடி ஓர் ஊருக்கு வந்தார்கள் என்பதற்காகப் பிள்ளைக்கு அங்கே வேர் இறங்கிவிடும் என்று என்ன சட்டம்? ஒஸ்லோவில் வளர்கிற நம் பிள்ளைகளிடம் யாழ்ப்பாணத்தை எதிர்பார்க்கிறவர்களும் இதே தப்பைத்தான் செய்கிறார்கள்.

ஆஸ்பர்ன் வீட்டில் பால் வாங்கிவைத்தது யார், அடுப்பு பற்றவைத்தது யார், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் ராத்திரி கூட உட்கார்ந்தது யார்? பக்தி இலக்கியத்தில் இவர்களுக்குப் பெயர் கிடைப்பது அரிது. இன்றைக்கு ரமண நகரில் இந்தக் கேள்விக்குப் பதில் கண்ணெதிரே இருக்கிறது. வெளிநாட்டுக் குடும்பம் ஒன்றில் வேலை பார்க்கிற ஓர் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தேன். "அந்தப் புள்ளைக்கு நாந்தாங்க சோறு ஊட்டுறேன். எங்கிட்டதான் பேசும். அவங்கம்மா இங்கிலீசுல என்னாவோ சொல்லும். எனக்குப் புரியாது. அப்பறம் இதுதான் எனக்குச் சொல்லும், 'அம்மா துணி காயப்போடச் சொல்றாங்க'ன்னு." நாலு வயதுக் குழந்தை. மொழிபெயர்ப்பாளர். பாரிசில், பெர்லினில் நம் வீட்டுப் பிள்ளைகள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டர் சொல்வதைத் தமிழில் சொல்கிறார்கள். வீட்டுக்குள் பெரியவர், சின்னவர் என்ற வரிசையே அங்கே தலைகீழாகிவிடுகிறது என்று எவ்வளவோ கதைகளில் எழுதியிருக்கிறார்கள். இங்கேயும் மொழிபெயர்ப்புதான். ஆனால் யாரிடமிருந்து யாருக்கு? அங்கே குழந்தை அதிகாரத்தின் மொழியை அம்மாவுக்கு விளக்குகிறது. இங்கே குழந்தை அம்மாவின் உத்தரவை வேலைக்காரிக்கு விளக்குகிறது.

உங்க புள்ளைங்கள யார் பாத்துக்குறாங்க என்று கேட்டேன். "பெரியவ பாத்துக்குவா." பெரியவளுக்குப் பத்து வயது. இதற்குமேல் நான் ஒன்றும் கேட்கவில்லை.

அந்தக் குழந்தை பேசுகிற தமிழ் நல்ல திருவண்ணாமலைத் தமிழ். அதைப் பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித்தரவில்லை, ஓர் ஏழைப் பெண்ணின் இடுப்பில் இருந்து கற்றுக்கொண்டது. குடும்பம் குடியேறுகிறது என்பதை நாம் வீடு, விசா, வேலை என்று எண்ணுகிறோம். உண்மையில் ஒரு குழந்தையை ஊருக்குள் கொண்டுவந்து சேர்ப்பது உள்ளூர்ப் பெண்களின் உழைப்பு. இதற்கு மாதச் சம்பளம் உண்டு என்பதால் அது உழைப்பாக மட்டும் இருந்துவிடுவதில்லை, பாசமும் இருக்கிறது. பாசம் இருப்பதால் சம்பளம் குறைவாக இருக்கிறது என்பதும் உண்டு. சீசன் முடிந்து அல்லது விசா முடிந்து குடும்பம் கிளம்பிப்போகும்போது இந்தப் பெண்களுக்கு என்ன ஆகிறது என்று எந்த ஆய்வாளரும் வந்து கேட்டதாகத் தெரியவில்லை. அதே சமயம் வந்தவர்களைச் சுற்றுலாக் கூட்டம் என்று ஒரே அடியாக ஒதுக்கிவிடவும் எனக்கு மனமில்லை. மொட்டையாகிக் கிடந்த மலையில் மரம் நட உள்ளூர்க்காரரோடு கைகோத்தவர்கள் அவர்களில் உண்டு. இரண்டு வகைக் குழந்தைகளும் சேர்ந்து படிக்கிற பள்ளிக்கூடமும் ஊருக்கு வெளியே நடக்கிறது.

பார்வை விஷயத்துக்கு வருகிறேன். இந்தத் தெருவில் வெள்ளைக் குழந்தையின் உடல் ஊருக்குப் பொது. கிரிவலம் வருகிற குடும்பம் நின்று கன்னத்தைக் கிள்ளும், தூக்கி வைத்துப் போட்டோ எடுக்கும். குழந்தை மூச்சு முட்டி அழும். அது தொந்தரவுதான், ஆனால் அதில் விசாரணை இல்லை. அந்தத் தாய் குழந்தைக்கு என்ன ஊட்டுகிறாள், எங்கே தூங்கவைக்கிறாள், வெறுங்காலோடு ஏன் விட்டிருக்கிறாள் என்று எந்த அதிகாரியும் கதவைத் தட்டப்போவதில்லை. எதிர்த்திசையில் போனவர்களின் அனுபவம் வேறு. 2011இல் நார்வேயின் ஸ்டாவாங்கர் நகரில் வேலைக்குப் போயிருந்த ஒரு வங்காளிக் குடும்பத்தின் இரண்டு குழந்தைகளைக் குழந்தைநல அதிகாரிகள் எடுத்துக்கொண்டார்கள். கையால் ஊட்டியதும் பெற்றோரின் படுக்கையில் தூங்கவைத்ததும் தங்கள்மேல் குற்றமாகச் சொல்லப்பட்டதாகப் பெற்றோர் கூறினார்கள். காரணம் அதுவல்ல என்று அதிகாரிகள் மறுத்தார்கள். இரண்டு அரசுகள் பேசி மறு வருஷம்தான் குழந்தைகள் இந்தியா வந்து சேர்ந்தன. வளர்ப்பு என்பது வடக்கே போகிறவருக்குத் தேர்வு, தெற்கே வருகிறவருக்கு அவரவர் விருப்பம். எட்வர்ட் செய்த் 1978இல் கீழைத்தேயம் எப்படி எழுதப்பட்டது என்று காட்டினார். கீழைத்தேயத் தாயின் கை எப்படிப் படிக்கப்படுகிறது என்பது அதன் இன்னொரு அத்தியாயம்.

சரி, வெள்ளைக்காரக் குடும்பத்துக்குக் காகிதமே இல்லையா என்றால், உண்டு. வீடு வாடகைக்கு விட்டவர் 24 மணி நேரத்துக்குள் போலீசுக்குத் தெரிவிக்க வேண்டும். இங்கே எல்லோரும் சி ஃபார்ம் என்கிறார்கள். சுற்றுலா விசாவில் வந்தவர் வெளியே போய்த் திரும்ப வேண்டும். நிலம் வாங்குவதற்கு அந்நியச் செலாவணிச் சட்டம் குறுக்கே நிற்கும். பிரசவம் இங்கே ஆனால் குழந்தைக்கு அவர்கள் தூதரகத்தில் பாஸ்போர்ட் எடுக்க வேண்டும். அலைச்சல்தான். ஆனால் ஒவ்வொரு அலைச்சலுக்கும் ஒரு முடிவு உண்டு, முடிவில் ஒரு தேசம் உண்டு. 'நான் யார்' என்ற கேள்வியை வாழ்நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கும் வசதி, 'நீ யார்' என்று கவுன்டரில் கேட்கும்போது உடனே எடுத்துக் காட்ட ஒரு புத்தகம் வைத்திருப்பவருக்குத்தான் கிடைக்கிறது.

ஆசிரமத்திலிருந்து கிரிவலப் பாதையிலேயே நடந்தால் மலையின் மறுபக்கம் அடி அண்ணாமலை வரும். அந்தப் பக்கம் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. 1983க்குப் பிறகு வந்தவர்கள், அவர்கள் பிள்ளைகள், பிள்ளைகளின் பிள்ளைகள். மாநிலம் முழுவதும் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் 2021 கணக்கில் 58,000 பேருக்கு மேல். அந்த வருஷம் முதலமைச்சர் சட்டசபையில் அறிவித்து 'அகதிகள் முகாம்' என்பது 'மறுவாழ்வு முகாம்' ஆனது. உதவித்தொகையும் கூட்டப்பட்டது, பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மாதம் 500 ரூபாய். இவர்களும் குழந்தையோடு வேற்று நாட்டில் குடியேறியவர்கள். இவர்களும் இதே மலையைச் சுற்றுகிறார்கள், இதே தீபத்தைக் கும்பிடுகிறார்கள். இவர்களை யாரும் ஞானம் தேடி வந்தவர்கள் என்று சொல்வதில்லை. ஆள் இருக்கிறார்களா என்று தலை எண்ணுகிறார்கள். மொழி தெரியாமல் வந்த குடும்பம் மலையின் தெற்கே பக்தர். இந்த மொழியையே பேசிக்கொண்டு வந்த குடும்பம் மறுபக்கத்தில் முகாம்வாசி.

சட்டத்தின் கண்ணில் இரு பக்கமும் ஒன்றுதான் என்பது வேடிக்கை. 1946ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டத்தில் அகதி என்ற சொல்லே கிடையாது. வெள்ளைக்காரரும் வெளிநாட்டவர், வவுனியாக்காரரும் வெளிநாட்டவர். 2025 செப்டம்பரில் அந்தச் சட்டம் போய்ப் புதுச் சட்டம் வந்தது. 2015 ஜனவரி 9ஆம் தேதிக்குள் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து அதோடு சேர்ந்து விலக்கு கொடுத்திருக்கிறார்கள். தண்டனை இல்லை என்பதும் குடியுரிமை உண்டு என்பதும் ஒன்றல்ல. 2019இன் குடியுரிமைத் திருத்தத்தில் இலங்கை இல்லவே இல்லை.

முகாமில் பிறந்த பிள்ளை விஷயத்தில் ஒரு தேதிதான் எல்லாம். இந்தியாவில் 1950 ஜனவரி 26க்கும் 1987 ஜூலை 1க்கும் இடையில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பால் இந்தியக் குடிமகன். அதற்குப் பிறகு பிறந்தால் தாய் தந்தையரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பருக்குப் பிறகு அந்த இன்னொருவரும் சட்டவிரோதமாக வந்தவராக இருக்கக் கூடாது. 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் பாஸ்போர்ட் கேட்டு நீதிமன்றம் போனார்; 2022இல் உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் முதல் ஓட்டைப் போட்டார், முப்பத்தெட்டு வயதில். அதே முகாமில் அதே தாய்க்கு இரண்டு வருஷம் கழித்து ஒரு தம்பி பிறந்திருந்தால், அந்தத் தீர்ப்பு அவனுக்குச் செல்லாது.